துப்பறியும் கதையில் நூலகரும் பூனையும்

ஆங்கிலத்தில் வழங்கும் துப்பறியும் புதினங்களுள் ஒரு கிளை உண்டு. அதன் களம் பெரும்பாலும் சிற்றூர். அங்கே கொலை நிகழும். ஆயின் குருதி காட்டப்படுவதில்லை. துப்பறிபவர் காவலர் அல்லர். அவ்வூரிலேயே வேறொரு தொழில் செய்து வாழ்பவர். இக்கிளையை அமெரிக்கர் ‘கோசி’ என்பர். தேநீர்க் கெண்டியின் சூடு ஆறாதபடி மூடிவைக்கும் துணியுறைக்கும் அச்சொல்லே பெயராக வழங்குகின்றது. கதகதப்பையும் இதத்தையும் குறிக்கும் சொல்லைக் கொலைக் கதைக்குப் பெயராக இட்டது வியப்பிற்குரியதே. இதமான மர்மக்கதை என ஈண்டு அதனைக் குறிப்போம்.

இக்கதைகளில் அடுமனை நடத்துவோரும் தோட்டம் பேணுவோரும் தேநீர்க்கடை வைத்திருப்போரும் துப்பறிவர். எனினும் நூலகரும் பூனையும் பெற்றுள்ள இடம் பிறர் பெறாதது. இவ்விருவரின் கவர்ச்சிக்குக் காரணம் யாது? புத்தகமும் பூனையும் அமைதி தருவன. அமைதி நாடுவோர் இவற்றை விரும்புவர் என்பது பொதுவாகக் கூறப்படும் விடை. அது பிழையன்று, ஆயின் போதாது. அமைதி ஒன்றே வேண்டுவோர் கொலைக் கதையை ஏன் நாடவேண்டும்? இவ்வினாவிற்கு விடை காண இக்கதைவகையின் பிறப்பிலிருந்தே தொடங்குதல் நலம்.

துப்பறியும் கதையின் தந்தையாகக் கருதப்படும் எட்கார் ஆலன் போ 1841இல் ‘மோர்க் தெருக் கொலைகள்’ என்னும் சிறுகதையை வெளியிட்டார். அதில் துப்பறிவாளர் டுப்பினும் கதை சொல்வோரும் முதன்முதல் சந்திக்கும் இடம் யாது என்பதனைப் பலர் கருதுவதில்லை. பாரிசின் மோன்மார்த்ர் தெருவில், அதிகம் அறியப்படாத ஒரு நூலகத்தில், அரிய நூலொன்றை இருவரும் ஒரே வேளையில் தேடி வந்தபோது அவர்கள் நட்பு தோன்றுகின்றது. ஆகவே துப்பறியும் கதை நூலகத்திலேயே பிறந்தது எனினும் இழுக்கில்லை.

இரண்டாண்டு கழித்து, 1843இல், அதே ஆசிரியர் ‘கறுப்புப் பூனை’ என்னும் கதையை எழுதினார். குடியால் அறிவு திரிந்த ஒருவன் தன் மனைவியைக் கொன்று நிலவறைச் சுவருக்குள் வைத்துப் பூசிவிடுகின்றான். காவலர் வந்து தேடியும் ஒன்றும் காணாது திரும்பும் வேளையில், செருக்கினால் அச்சுவரைத் தன் கைத்தடியால் தட்டுகின்றான். சுவருக்குள்ளிருந்து ஓர் அலறல் எழுகின்றது. அவனையறியாமல் பிணத்தோடு சேர்த்துப் பூசப்பட்ட பூனையின் குரல் அது. இங்கே துப்புத் துலக்கியது மனித அறிவு அன்று, வாயில்லாப் பூனையே. நூலகமும் பூனையும் இரண்டாண்டு இடைவெளியில் ஒருவர் கையாலேயே இத்துறைக்குள் வந்துவிட்டன. ஆயின் ஒன்று நட்பின் இடமாகவும், மற்றொன்று அச்சத்தின் உருவாகவும் நின்றன. அவை ஒரு கூரையின்கீழ்ச் சேர்வதற்கு ஒரு நூற்றாண்டிற்கு மேல் ஆயிற்று.

போவின் பூனை நமக்கு உணர்த்தும் உண்மை ஒன்றுண்டு. அனைத்தையும் கண்டது, சொல்ல இயலாதது, ஆயினும் உண்மை அதன் வழியே வெளிப்பட்டது. கானன் டாயில் 1892இல் வெளியிட்ட ‘வெள்ளிச் சுடர்’ என்னும் கதையில் ஷெர்லாக் ஹோம்ஸ் காணும் துப்பும் இத்தகையதே: இரவில் நாய் குரைக்கவில்லை, ஆதலின் வந்தவன் அதற்குப் பழகியவன். விலங்கின் மௌனமே சான்றாகின்றது. அறிந்தும் அடங்கியிருத்தல் என்னும் இப்பண்பே பின்னர் நூலகரையும் பூனையையும் இணைத்த கயிறு என்பது என் துணிபு.

நூலகத்தின் வரலாற்றை இனி நோக்குவோம். அன்னா காதரின் கிரீன் என்னும் அமெரிக்கப் பெண்மணி 1878இல் எழுதிய ‘லெவன்வொர்த் வழக்கு’ என்னும் புதினத்தில் செல்வர் ஒருவர் தம் வீட்டு நூலக அறையில் சுடப்பட்டு இறந்து கிடக்கின்றார். அதன்பின் செல்வர் இல்லத்து நூலக அறை பிணம் கிடக்கும் இடமாக வழங்கி வழங்கித் தேய்ந்தது. அகதா கிறிஸ்டி 1942இல் ‘நூலகத்தில் பிணம்’ எனத் தம் புதினத்திற்குப் பெயரிட்டது அத்தேய்ந்த வழக்கை அறிந்து செய்த எள்ளலே. அதில் துப்பறியும் மிஸ் மார்ப்பிள் நூலகர் அல்லர். பின்னலும் தோட்டமுமாகச் சிற்றூரில் வாழும் முதிய பெண்மணி. ஊரார் யாவரையும் அறிந்தவர், யாராலும் பொருட்படுத்தப்படாதவர் என்னும் அளவில் அவர் பிற்கால நூலகத் துப்பறிவாளரின் முன்னோர் ஆவர்.

செல்வர் வீட்டு அறையிலிருந்து ஊர்ப் பொது நூலகத்திற்குக் கதை பெயர்ந்தமைக்குக் காரணம் இலக்கியத்திற்கு வெளியே உள்ளது. அமெரிக்க நூலகச் சங்கம் 1876இல் தோன்றியது. அவ்வாண்டிலேயே மெல்வில் டூயி தம் பதின்மப் பகுப்பு முறையை வெளியிட்டார். அவர் 1887இல் கொலம்பியாவில் தொடங்கிய நூலகப் பள்ளியில் சேர்ந்தோருள் பெரும்பாலோர் பெண்கள். ஆண்ட்ரூ கார்னகியின் பொருளுதவியால் அமெரிக்காவில் மட்டும் 1,689 நூலகங்கள் எழுந்தன. இவ்வாறு சிற்றூர் தோறும் கல்வியும் அலுவலும் உடைய ஒரு பெண், ஊரார் அனைவரும் வந்து வினவும் இடத்தில் அமர்ந்தாள். (பெண்களுக்கு இத்தொழிலின் வாயிலைத் திறந்த டூயியே அவர்களிடம் தகாது நடந்தவர் என்பதும் வரலாறு. அக்காரணத்தாலும், இன, சமய வேற்றுமை பாராட்டியமையாலும், அமெரிக்க நூலகச் சங்கம் தன் உயர்ந்த பரிசிலிலிருந்து அவர் பெயரை 2019இல் நீக்கியது.)

மேசைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் நூலகர் ஊரின் கமுக்கங்களை அறிவார். நோயைப் பற்றிய நூலைக் கேட்பவர் யார், மணவிலக்குச் சட்டத்தைத் தேடுபவர் யார், நஞ்சுகளைப் பற்றிப் படிப்பவர் யார் என்பன அவருக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்லாமையே அவர் தொழில் அறம். வாசகரோடு பழகுவதால் அறிந்த தனிச் செய்திகளை மறைத்துக் காத்தல் நூலகர் கடமை என்பதனை அமெரிக்க நூலகச் சங்கம் 1939ஆம் ஆண்டின் ஒழுக்க நெறியிலேயே எழுதிவைத்தது. அனைத்தையும் அறிந்தும் சொல்லாத மனிதர் இவர். அனைத்தையும் கண்டும் சொல்ல இயலாத விலங்கு பூனை. இருவரும் அடக்கம் உடையோர். ஒருவரது அடக்கம் அறத்தால் வந்தது, மற்றதன் அடக்கம் இயல்பால் வந்தது.

இவ்விரண்டையும் ஒன்றுசேர்த்த பெருமை லிலியன் ஜாக்சன் பிரவுனைச் சாரும். டெட்ராய்ட் நகரச் செய்தித்தாளொன்றில் ஏறத்தாழ 30 ஆண்டு பணியாற்றிய இவர், தாம் வளர்த்த சயாம் பூனை உயர்மாடியிலிருந்து வீழ்ந்து இறந்த துயரத்தினின்று தம் முதற் பூனைக் கதையை எழுதினார். தள்ளிவிடப்பட்டது என்று அயலார் சிலர் கூறியது அவர் நெஞ்சை வருத்திற்று. இக்கதைவகையின் இதம் எத்தகைய துயரினின்று தோன்றியது என்பது கருதத்தக்கது.

அவர்தம் முதற் புதினம் ‘பின்னோக்கிப் படிக்க வல்ல பூனை’ 1966இல் வந்தது. குடியிலிருந்து மீண்டு, மணமுறிந்து, தனியனாய் நிற்கும் செய்தியாளர் குவில்லரன் அதன் தலைவர். அவரிடம் வந்து சேரும் சயாம் பூனை கோக்கோ. குடியன் ஒருவனின் கொடுமையையே போவின் கதை காட்டிற்று. இங்கே குடியை விட்ட ஒருவரைப் பூனை துணையாக நின்று காக்கின்றது. போவின் பூனை ஒரு நூற்றாண்டிற்குப்பின் சுவரிலிருந்து விடுபட்டு வந்ததோ எனத் தோன்றுகின்றது. பிரவுன் இதனை எண்ணி எழுதினார் என நான் கூறவில்லை. இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்போர்க்கு இவ்வொப்புமை புலப்படாமற் போகாது.

1967இலும் 1968இலும் இரண்டு புதினங்கள் தொடர்ந்தன. பின்னர் 18 ஆண்டுகள் ஒன்றும் வெளிவரவில்லை. வன்மையும் காமமும் மிக்க கதைகளைப் பதிப்பாளர் விரும்பிய காலம் அது. 1986இல் தொடர் மீண்டும் உயிர்பெற்றபின், பெருநகரத்தை விட்டு நாட்டின் வடகோடியிலுள்ள கற்பனைச் சிற்றூருக்குக் குவில்லரன் குடிபெயர்கின்றார். அங்கே அவர் நெஞ்சிற்கு இனியவராக அமைபவர் பாலி டன்கன். அவர் அவ்வூர் நூலகர். பெருநகரைக் களமாகக் கொண்ட கதைகளில் காணாத இவ்விணைப்பு, சிற்றூருக்கு வந்தபின்னரே கைகூடிற்று. 2011இல் பிரவுன் தம் 97ஆம் அகவையில் மறைந்தபோது இத்தொடரில் 29 புதினங்கள் இருந்தன.

கோக்கோ துப்புத் தரும் முறை நுட்பமானது. அது நூலடுக்கிலிருந்து ஒரு புத்தகத்தைத் தள்ளும். அந்நூலின் பெயருக்கும் கொலைக்கும் தொடர்பிருப்பது பின்னர்ப் புலனாகும். பூனை அறிந்து செய்ததா, தற்செயலா? ஆசிரியர் முடிவு கூறுவதில்லை. இந்த ஐயமே கதையின் உயிர். பின்வந்தோர் சிலர் இதனைக் கைவிட்டனர். ரீட்டா மே பிரவுன் 1990இல் தொடங்கிய தொடரில், தம் பூனை ஸ்னீக்கி பையைத் துணையாசிரியராகவே அட்டையில் குறித்தார். அக்கதைகளில் விலங்குகள் தமக்குள் உரையாடும். மாந்தர்க்கு அது விளங்காது. கொலையாளியை அறிந்தும் தலைவிக்கு உணர்த்த இயலாமல் அவை தவிப்பது ஓரளவு நயமுடையது. ஷெர்லி ரூசோ மர்ஃபியின் ஜோ கிரே என்னும் பூனையோ மனிதமொழி பேசித் தொலைபேசியில் காவலர்க்குச் செய்தி சொல்கின்றது. வேடிக்கையாகப் படிக்கலாம், ஆயின் அது பூனை அன்று, உரோமம் போர்த்த ஒற்றன். அடக்கம் நீங்கியபோது கவர்ச்சியும் பாதி நீங்கிவிட்டது.

நூலகர் தாமே துப்பறியும் தொடர்கள் 1990ஐ ஒட்டிப் பெருகின. சார்லேன் ஹாரிசின் அரோரா டீகார்டன் 1990இலும், ஜோ டெரெஸ்கியின் மிஸ் ஜூக்காஸ் 1994இலும் தோன்றினர். மிரண்டா ஜேம்ஸ் என்னும் புனைபெயரில் டீன் ஜேம்ஸ் 2010இல் தொடங்கிய தொடரில் நூலகர் சார்லி ஹாரிசும், டீசல் என்னும் பேருருப் பூனையும் மிசிசிப்பி மாநிலத்து ஏதினா என்னும் கற்பனை ஊரில் உலவுகின்றனர். டீசலைக் கயிறு பிடித்து நூலகத்திற்கு அழைத்துச் செல்வார் அவர். இது வெறுங்கற்பனையன்று. அயோவா மாநிலத்து ஸ்பென்சர் ஊர் நூலகத்தில், 1988 சனவரிக் குளிரில், நூல் திருப்பியிடும் பெட்டிக்குள் கிடந்த பூனைக்குட்டியொன்று டூயி எனப் பெயர் பெற்று 2006 வரை அங்கே வாழ்ந்தது.

மிசிசிப்பி எனும்போது ஒன்றைச் சொல்லாமல் விடுதல் நேர்மையாகாது. அம்மாநிலத் தலைநகர் ஜாக்சனில், 1961 மார்ச்சு 27ஆம் நாள், டூகலூ கல்லூரியைச் சேர்ந்த ஒன்பது கறுப்பின மாணவர் வெள்ளையர்க்கே உரிய பொது நூலகத்திற்குள் சென்று அமர்ந்து படித்தனர். அதற்காகக் கைது செய்யப்பட்டனர். இதமான மர்மக்கதையில் நூலகக் கதவு என்றும் யாவர்க்கும் திறந்தே இருக்கும். கவிஞர் ஆடன் 1948இல் எழுதிய கட்டுரையில், துப்பறியும் கதைக்குக் களம் ஏதேன் தோட்டம்போல் மாசற்றதாய் இருத்தல் வேண்டும், அப்போதே கொலை பொருந்தாமல் உறுத்தும் என்று விளக்கினார். நூலகமும் அத்தகைய தோட்டமாகக் காட்டப்படுகின்றது. அத்தோட்டத்தின் வாயிலில் அண்மைக்காலம் வரை யார் நிறுத்தப்பட்டனர் என்பதனை வாசகர் தாமே நினைவிற்கொள்ள வேண்டியிருக்கின்றது. இக்கதைவகையின் மீது நான் காணும் பெருங்குறை இதுவே. நடை எளிது, கொலைக்கு ஆழமில்லை என எட்மண்ட் வில்சன் 1945இல் துப்பறியும் கதைகள்மீது சுமத்தியது போன்ற குற்றச்சாட்டுகள் எனக்கு அத்துணைப் பெரியனவாகத் தோன்றவில்லை.

இன்னும் ஓர் இடர் உண்டு. அடக்கம் நூலகரின் அறமாயின், அவர் துப்பறிதல் எங்ஙனம் தகும்? வாசகர் எடுத்த நூலைக் கொண்டு அவரை ஐயுறுதல் நெறியாகுமா? இவ்வினா கதையோடு நிற்பதன்று. 2005இல் கனெக்டிகட் மாநிலத்தில் நூலகங்களின் கூட்டமைப்பொன்றிடம், நூலகக் கணிப்பொறியைப் பயன்படுத்தியோர் பற்றிய செய்திகளை நடுவணரசின் புலனாய்வுத் துறை கேட்டது. கேட்டதையே வெளியிற் சொல்லலாகாது என்ற தடையும் உடன்வந்தது. நான்கு நூலகர் மறுத்து, பெயர் மறைத்து, நீதிமன்றம் சென்றனர். வாசகர்பொருட்டுத் தாமே மேற்கொண்ட மௌனத்தைக் காக்க, தம்மேல் சுமத்தப்பட்ட மௌனத்தை எதிர்த்தனர். 2006இல் தடை நீங்கிற்று. அரசு கேட்டதையும் கைவிட்டது. போவின் சுவருக்குள் இருந்த பூனையின் மௌனமும் சுமத்தப்பட்டதே.

ஐந்தாண்டு கழித்து, 2011இல், ஜென் மெக்கின்லி நூலகர் லின்ட்சி நாரிசைத் துப்பறிவாளராக்கிப் புதியதொரு தொடரைத் தொடங்கினார். அதன் களமான பிரயர் கிரீக் என்னும் கற்பனைக் கடற்கரைச் சிற்றூர் கனெக்டிகட் மாநிலத்தது.