அயல்நாட்டு மாணவரும் நட்பு இல்லங்களும்

கல்வியின் வரலாற்றை எழுதுவோர் பள்ளிகளையும் பட்டங்களையும் உதவித்தொகைகளையும் கணக்கிட்டு எழுதுவர். படிக்க வந்த மாணவனோடு முதலில் பேசியவர் யார், அவனுக்குத் தங்க இடம் தந்தவர் யார் என்று எழுதுவோர் மிகச் சிலரே. ஊரை விட்டு நகருக்குச் சென்று பயின்ற நம்மவர்க்கு இவ்விரண்டின் அருமையை நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பயின்ற அயல்நாட்டு மாணவரிடையே கிறித்தவ இயக்கத்தினர் ஆற்றிய பணியின் வரலாறு இதனை நன்கு விளக்கும்.

1895ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு வாட்ஸ்டேனா நகரில் உலக மாணவர் கிறித்தவக் கூட்டமைப்பு தோன்றியது. அதனை நிறுவியவர்களுள் தலையாயவர் ஜான் மாட் என்னும் அமெரிக்கர். 1946இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவரும் இவரே. தம் சமயத்தைப் பரப்புதல் இவர்தம் நோக்கங்களுள் ஒன்று என்பது வெளிப்படை. எனினும் அப்பணியினூடே வேறொரு தேவை புலப்பட்டது.

1909இல் நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக்கழகப் படிகளில், ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தில் பணியாற்றிய ஹாரி எட்மண்ட்ஸ் என்பார், எதிர்ப்பட்ட சீன மாணவர் ஒருவருக்குக் காலை வணக்கம் கூறினார். அம்மாணவர் நன்றி கூறி, தாம் அந்நகருக்கு வந்து மூன்று வாரங்கள் ஆயின என்றும், தம்மோடு பேசிய முதல் மனிதர் அவரே என்றும் உரைத்தார். எட்மண்ட்ஸ் இதனைக் கேட்டு வருந்தியதோடு நின்றாரல்லர். அவரும் அவர் துணைவியார் புளோரன்சும் அயல்நாட்டு மாணவரை ஞாயிறுதோறும் தம் இல்லத்திற்கு விருந்துக்கு அழைத்தனர். வருவோர் தொகை பெருகவே அது ஒரு மன்றமாக வளர்ந்தது.

அடுத்த ஆண்டில் எடின்பரோவில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில், திருநெல்வேலிச் சீமையில் பிறந்த தமிழரான வேதநாயகம் அசரியா பேசினார். 1907இல் டோக்கியோவில் நடந்த மாணவர் மாநாட்டிற்கும் சென்று வந்தவர் அவர். மேலைநாட்டார் பொருளையும் உயிரையும் ஈந்ததைப் போற்றிய அவர், அவற்றினும் மேலாக வேண்டியது நட்பு என அவையோர் முகத்திற்கு நேரே கூறினார். மேலே நின்று கொடுப்பது கொடை. அருகமர்ந்து உண்பது நட்பு. இவ்வேறுபாட்டை நம் மக்கள் தம் வாழ்விலேயே அறிந்துள்ளனர்.

எட்மண்ட்ஸ் தொடங்கிய மன்றத்தின் பயனாக, இளைய ஜான் ராக்பெல்லரின் பொருளுதவியுடன் 1924இல் நியூயார்க்கில் பன்னாட்டு இல்லம் திறக்கப்பெற்றது. பல நாட்டாரும் பல சமயத்தாரும் அமெரிக்க மாணவரும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தனர்.

பின்னர்க் கலிபோர்னியாவின் பெர்க்கிலி நகரில் இத்தகைய இல்லம் அமைக்க முற்பட்டபோது எதிர்ப்பு மூண்டது. வெள்ளையரும் கறுப்பரும் ஆசியரும் ஒன்றாய் வாழ்வதா எனக் கேட்டு 800க்கும் மேற்பட்டோர் கூட்டங்கூடி எதிர்த்தனர். டிலைலா பீஸ்லி என்னும் கறுப்பினப் பெண் இதழாளர் அக்கூட்டத்திலேயே எழுந்து இல்லத்தை ஆதரித்துப் பேசினார். எட்மண்ட்ஸ் ஒதுக்குப்புறத்தில் இடம் தேடவில்லை. அயல்நாட்டாரையும் நிறத்தவரையும் சேர்க்காத மாணவர் விடுதிகள் நிறைந்த பீட்மாண்ட் வீதியையே தேர்ந்தார். 1930இல் அவ்வில்லம் திறக்கப்பெற்றது.

இனி, நம் வரலாற்றுக்கு வருவோம். எட்மண்ட்ஸ் அம்மாணவரைச் சந்தித்த அதே கொலம்பியாவில் 1913 முதல் 1916 வரை பயின்றவர் அண்ணல் அம்பேத்கர். அங்கு அவருடன் தங்கிய நவல் பத்தேனா என்னும் பார்சி மாணவர் வாழ்நாள் நண்பரானார். பிற்காலத்தில் பொருள் கொடுத்தும் உதவினார். ஆனால் 1917இல் பரோடாவில் அரசுப் பணியேற்கச் சென்ற அண்ணலுக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியொன்றில் பெயர் மறைத்துத் தங்கியவரைப் பதினொராம் நாள் தடியேந்தியோர் சூழ்ந்து வெளியேற்றினர். இந்து நண்பர் ஒருவரையும் கிறித்தவ நண்பர் ஒருவரையும் நாடினார். இருவர் வீட்டிலும் இடமில்லை. அயல்நாட்டில் பெற்ற பட்டம் அவருக்கு ஒரு கதவையும் திறக்கவில்லை. நண்பர் என்ற பெயர் எளிது. வாயிற்படியில்தான் நட்பு சோதிக்கப்படுகின்றது.

இளைஞர்களே! வெள்ளி விழாக் காணும் நம் சங்கம் உங்களிடம் எதிர்பார்ப்பது பெருங்கொடையன்று. கல்லூரியிலோ விடுதியிலோ அலுவலகத்திலோ தனித்து நிற்கும் புதியவன் எவனாயினும் அவனிடம் முதலில் நீங்கள் பேசுங்கள், உடனமர்ந்து உண்ணுங்கள். நமக்குள்ளேயே உட்பிரிவு பார்த்து ஒதுங்குவோமாயின், பரோடாவில் கதவடைத்தவரைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. ஒரு வணக்கம் ஓர் இல்லமாக வளர்வதற்குப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. அவ்வணக்கத்தைக் கூறுதற்கோ ஒரு நொடி போதும்.