எது நாட்டுக்காய்? கார்த்திகை மாசத்துத் தோட்டக் கணக்கு

கார்த்திகை முடியப் போகுது. நாலு நாளா மழை விட்டிருக்கு. வீட்டுக்குப் பின்னாடி தோட்டத்துல வேலை தலைக்கு மேல கிடக்கு. பாத்தியில நிக்கிற தண்ணிய வடிக்கணும், சாய்ஞ்ச அவரைப் பந்தலுக்கு முட்டு கொடுக்கணும், மழையில இறுகிப்போன மண்ணைக் கொத்திவிடணும். மார்கழி பொறந்ததும் கத்தரிக்கும் மிளகாய்க்கும் நாத்து விட்டாத்தான் தையில எடுத்து நட முடியும்.

இந்த நேரத்துல சென்னையிலிருந்து சித்தப்பா மக போன் பண்ணுச்சு. "அண்ணே, தைப்பட்டத்துக்கு மாடியில போடணும். மிளகாய், தக்காளி, பரங்கி, அவரை நாலும் வேணும். கடை விதை வேணாம், நாட்டு விதையா பார்த்து அனுப்பு."

"நீ கேட்ட நாலுல ஒண்ணுதாம்மா இந்த மண்ணுல ரொம்ப காலமா இருக்கிறது. மீதி மூணும் கப்பல்ல வந்த இனம்" என்றேன். அது நம்பலை. உங்கள்ல பல பேரும் நம்ப மாட்டீங்க. அதனால கொஞ்சம் விவரமாவே எழுதுறேன்.

நம்ம தோட்டத்தோட பழைய கணக்கு சங்க இலக்கியத்துல இருக்கு. சோழநாட்டு வளத்தைச் சொல்ற பட்டினப்பாலையில தென்னை, வாழை, கமுகு, மஞ்சள், மா, பனை, சேம்பு, இஞ்சி எல்லாம் வரிசையா வருது. இன்னைக்கும் காவிரிக்கரையில ஒரு வீட்டுத் தோட்டத்தை எட்டிப் பார்த்தா அதே ஆட்கள்தான் நிப்பாங்க. ஏழை வீட்டுக் கணக்கைச் சிறுபாணாற்றுப்படை சொல்லுது. குப்பைமேட்டுல முளைச்ச வேளைக்கீரையை நகத்தால கிள்ளி வந்து, உப்பில்லாம வேகவெச்சு, அடுத்தவங்க பார்த்துடக் கூடாதுன்னு கதவைச் சாத்திக்கிட்டு சாப்பிடுற குடும்பம் அதுல வருது. தோட்டம்னா எல்லாருக்கும் பந்தலும் பாத்தியும் இல்லை. பாதிப் பேருக்கு அது குப்பைமேட்டுக் கீரைதான்.

குறுந்தொகையில ஒரு பாட்டு, பனிக்காலத்துல அவரை பூக்குறதைச் சொல்லுது. என் பந்தல்லயும் இப்போ அதான் நடக்குது. அவரை பகல் குறையுற காலத்துலதான் பூ எடுக்கும். ஆடியில விதைச்சாலும் கொடி ஓடிக்கிட்டே இருக்கும், கார்த்திகை மார்கழியில பனி இறங்கும்போதுதான் பூக்கும். ரெண்டாயிரம் வருஷமா அந்தக் கணக்கு மாறலை.

அவரை, கத்தரி, பாகல், புடலை, முருங்கை, இதெல்லாம் இங்க பழைய ஆட்கள். 1498ல வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுல இறங்கினதுக்கு அப்புறம்தான் கதை மாறுது. அமெரிக்கக் கண்டத்துச் செடிகளைப் போர்ச்சுக்கீசியர்கள் கப்பல்ல கொண்டுவந்தாங்க. மிளகாய், சர்க்கரைவள்ளி, கொய்யா, பப்பாளி, அன்னாசி, எங்களுக்குப் பக்கத்துல பண்ருட்டியில பேர் போன முந்திரி, எல்லாம் அந்த வரிசைதான்.

வந்தவனுக்கு நம்மாளுங்க பேர் வெச்ச விதத்துலயே சரித்திரம் இருக்கு. அதுவரைக்கும் காரம்னா மிளகு. புதுசா வந்த காயும் மிளகு மாதிரி உறைச்சதால அது மிளகுக்காய், மிளகாய். பரங்கிக்காய் யாரோட வந்ததுன்னு அதோட பேரே சொல்லுது. பரங்கிமலைங்கிற பேர்ல இருக்கிற அதே பரங்கிதான். தக்காளிங்கிறது முதல்ல நம்ம மணத்தக்காளி வகையோட பேர். பின்னாடி வந்த பெரிய பழம் அந்தப் பேரையே வாங்கிக்கிச்சு. வேர்க்கடலைக்கு இன்னொரு பேர் மணிலாக்கொட்டை. விழுப்புரம் பக்கம் நாங்க அதை மல்லாட்டை ஆக்கிட்டோம். பிலிப்பைன்ஸ் ஊர்ப் பேர் எங்க வாயில இப்படிக் கிடக்கு.

பழைய சமையல் எப்படி இருந்ததுன்னு பார்க்கணுமா? திவசம் கொடுக்கிற வீடுகள்ல, குறிப்பா பிராமண வீடுகள்ல, அன்னைக்கு மிளகாய் சேர்க்க மாட்டாங்க, மிளகுதான். தக்காளி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு கிடையாது. வாழைக்காய், புடலை, பாகல், அவரை, சேம்பு உண்டு. முன்னோர்களுக்குப் படைக்கிறப்போ அவங்க சாப்பிட்டதையே படைக்கிறாங்க.

ஆனா பொங்கலுக்குப் பாருங்க. எங்க வீட்டுல புதுப்பானைக்கு முன்னாடி மொச்சை, அவரை, கத்தரியோட பரங்கியும் சர்க்கரைவள்ளியும் வெச்சுத்தான் படைப்போம். பின்னாடி சொன்ன ரெண்டும் கடல் தாண்டி வந்தது. மார்கழிக் கோலத்துல சாணி உருண்டை மேல வைக்கிற மஞ்சப் பூவும் அந்தப் பரங்கிக்கொடியோடதுதான். சூரியனுக்கே படைக்கிற அளவுக்கு அதுங்க நம்மளோடது ஆயிடுச்சு.

ஆனா அப்புறம் வந்த கேரட், பீட்ரூட், கோசு மட்டும் இன்னைக்கும் கடையில 'இங்கிலீஷ் காய்'தான். 1820கள்ல கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் ஊட்டியில ஐரோப்பியக் காய்களைப் போட்டுப் பார்த்தார், குளிருக்கு நல்லா வந்துச்சு. இருநூறு வருஷம் ஆகியும் இதுங்களுக்கு ஏன் நாட்டுக்காய்ங்கிற பேர் கிடைக்கலை? என் மனசுல படுற காரணம் இதுதான். நம்ம சமவெளிச் சூட்டுல அதுங்க விதைக்கு வராது. விதையை வருஷா வருஷம் வெளியிலிருந்து வாங்கணும். பரங்கிக்கும் மிளகாய்க்கும் அந்தத் தேவை இல்லை. நம்ம வீட்டுப் பொம்பளைங்க கையில விதை ஆகி, மறு வருஷம் முளைச்சு, ஊருக்கு ஒரு ரகமா மாறிடுச்சு.

அந்த வேலை நடந்தது இந்த மாசங்கள்லதான். கத்தரியில நல்ல செடியாப் பார்த்து ரெண்டு காயை மஞ்சளா பழுக்க விடுவாங்க. பிசைஞ்சு தண்ணியில அலசினா நல்ல விதை அடியில தங்கும். அதைச் சாம்பல்ல புரட்டிக் காய வைப்பாங்க. பரங்கி விதையைச் சாணியோட சேர்த்துச் சுவத்துல அப்பிடுவாங்க. சுரைக்குடுக்கையும் பீர்க்கங்காயும் முத்தி அடுப்புக்கு மேல தொங்கும். புகை பட்டா வண்டு அண்டாது. அவரை, துவரைக்குச் செம்மண் கட்டுவாங்க. எங்க ஆயா இதையெல்லாம் வேலைன்னே நினைச்சதில்லை.

விதைச் சட்டம் 1966ல வந்துச்சு. அப்புறம் வீரிய ஒட்டு விதைப் பாக்கெட்டுகள் வந்துச்சு. காய்ப்பு அதிகம், நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா அந்தக் காய்லேர்ந்து எடுத்த விதை தாய் மாதிரி வராது, பலவிதமா பிரிஞ்சு போகும். அதனால எடுத்து வைக்கிறதுல அர்த்தமில்லாம போச்சு. விதை எடுத்து வைக்கவும், மாத்திக்கவும், பிராண்டுப் பேர் போடாம விக்கவும் விவசாயிக்கு உரிமை உண்டுன்னு 2001ல மத்திய அரசு சட்டம் போட்டுச்சு. உரிமை இருந்து என்ன செய்ய? பழக்கம் போயிடுச்சே.

அடுத்தவனைச் சொல்வானேன். ஆயா வெச்சிருந்த அவரை அகலமா, விளிம்புல செவப்பு ஓடி இருக்கும். ஆயா போன மறு வருஷம் பொங்கலுக்கு அவரை நல்ல விலை போச்சு. கடைசிக் கொத்து வரைக்கும் பறிச்சு வித்துட்டேன். விதைக்குன்னு ஒரு காய் விடலை. ஆடி வந்தப்போதான் உறைச்சுது. பாக்கெட் வாங்கிப் போட்டேன். எத்தனையோ தலைமுறை கைமாறி வந்ததை ஒரு சந்தை நாள்ல முடிச்சவன் நான்.

போன வருஷம் ஆரணியில இருக்கிற அத்தை வீட்டுக்குப் போனப்போ, அவங்க வேலியில அதே செவப்பு விளிம்பு. கல்யாணம் ஆகிப் போகும்போது ஆயா முடிஞ்சு கொடுத்ததாம். ஒரு கைப்பிடி வாங்கிட்டு வந்தேன். ஆடியில போட்டேன், மூணு குழி தேறிச்சு. இப்போ பந்தல்ல பூவும் பிஞ்சுமா இருக்கு.

இன்னைக்குக் காலையில முட்டு கொடுத்து முடிச்சதும், நல்லா திரண்ட முதல் கொத்துகளுக்குச் செவப்புத் துணி கிழிச்சுக் கட்டிட்டேன். பொங்கலுக்கு என்ன விலை போனாலும் அதைப் பறிக்கக் கூடாதுன்னு வீட்டுலயும் சொல்லிட்டேன்.

தங்கச்சிக்கு மிளகாய், பரங்கி, தக்காளி விதை இந்த வாரம் அனுப்புறேன். அவரை ஆடிக்குத்தான். ஒரே ஒரு நிபந்தனைதான் சொன்னேன்: ஒவ்வொண்ணுலயும் முதல்ல வர்ற நல்ல காயைச் செடியிலேயே முத்த விடணும், அடுத்த வருஷம் எனக்குப் பத்து விதை திருப்பி அனுப்பணும். மாடியில தொட்டி வெச்சிருக்கிற உங்களுக்கும் அதையேதான் சொல்றேன்.