கடலை வீட்டுக்குள் வைத்தவர்கள்: ஒரு ஓவர்ஃப்ளோவின் வரலாறு

இன்னைக்கு எபிசோடு எங்க வீட்டு ஹாலில் ஆரம்பிக்குது. ஹாலில் ஐம்பது லிட்டர் உப்புத் தண்ணீர் நிற்கிறது. நான் ஆபீஸ் மீட்டிங்கில் இருக்கேன். அம்மா போன் பண்றாங்க, கட் பண்றேன். திரும்பவும் பண்றாங்க, திரும்பவும் கட் பண்றேன். மூணாவது தடவை எடுத்ததும் ஒரே வரிதான் சொன்னாங்க: "டேய், உன் கடல் வெளிய வந்துடுச்சு."

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, ஐப்பசி மழையில் கரண்ட் போய் வந்த ஒரு மத்தியானம் அது. என் தொட்டி நாலு அடி நீளம், அகலமும் உயரமும் ஒன்றரை அடி. சுமார் 250 லிட்டர் பிடிக்கும். அதுக்குக் கீழே கேபினெட்டுக்குள் இன்னொரு சின்னத் தொட்டி. அதன் பெயர் சம்ப். கார்ப்பரேஷன் தண்ணி பிடிக்க வாசலில் புதைச்சு வச்சிருப்போமே, அதே பெயர்தான். வடிகட்டி, புரோட்டீன் ஸ்கிம்மர் எல்லாம் அந்தக் கீழ்த் தொட்டியில் ஒளிஞ்சிருக்கும். ஒரு மோட்டார் கீழேயிருந்து தண்ணீரை மேலே தள்ளும். எவ்வளவு மேலே போகுதோ அவ்வளவும் அதே வேகத்தில் கீழே இறங்கணும். அந்த இறங்கும் வழிதான் ஓவர்ஃப்ளோ.

கிராமத்துப் பக்கம் ஏரி பார்த்தவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஏரிக்குக் கலங்கல் என்னவோ, தொட்டிக்கு ஓவர்ஃப்ளோ அதுதான். ஒரு மட்டம் வரை தண்ணீர் நிற்கும். அதுக்கு மேலே வருவது தானாக வழிந்து கீழே இருக்கிற ஏரிக்குப் போகும். கலங்கல் அடைபட்டால் கரை உடையும்.

நான் வாங்கின தொட்டியில் துளை கிடையாது. அதனால விளிம்பில் ஒரு பெட்டியை மாட்டி, வளைஞ்ச குழாய் வழியா சைஃபன் முறையில் தண்ணீரை வெளியே எடுத்தேன். பீப்பாயில் இருந்து மண்ணெண்ணெயை ட்யூப் போட்டு உறிஞ்சி எடுப்போமே, அதே தத்துவம். குழாய் முழுக்கத் தண்ணீர் இருக்கும் வரை ஓடும். வளைவின் உச்சியில் காத்துக் குமிழி சேர்ந்தால் அறுந்துடும். அன்னைக்கு நடந்தது அதுதான். கரண்ட் போச்சு, மோட்டார் நின்னது. கரண்ட் வந்தது, மோட்டார் ஓடுச்சு, சைஃபன் திரும்பப் பிடிக்கலை. சம்பில் இருந்த தண்ணீர் முழுக்க மேலே ஏறி, விளிம்பைத் தாண்டி, ஹாலுக்கு வந்து, அங்கிருந்து கீழ் வீட்டுக்காரங்க சீலிங்குக்கும் போச்சு. கடைசியில் மோட்டார் வறட்சியில் ஓடிக் கருகிப் போச்சு. நான் வீட்டுக்கு வந்தப்போ அம்மா தரையைத் துடைச்சு முடிச்சு, கீழ் வீட்டில் மன்னிப்பும் கேட்டு முடிச்சிருந்தாங்க.

தொட்டியைத் திரும்பக் கட்ட நாலு மாசம் ஆச்சு. அந்த நாலு மாசமும் ராத்திரியில் நான் தேடிப் படிச்சது ஒரே கேள்விக்காக. கடலே இல்லாத இடத்தில் கடலை வைக்கணும்னு முதலில் யாருக்குத் தோணுச்சு? தண்ணீரை எப்படி உயிரோடு வச்சாங்க?

முதலில் வருபவர் ழான் வில்ப்ரூ-பவர். பிரான்சில் பிறந்து, பாரிசில் தையல் வேலை செய்து, திருமணத்துக்குப் பிறகு சிசிலித் தீவின் மெசினா நகரில் வாழ்ந்தவர். ஆர்கோனாட் என்ற ஆக்டோபஸ் வகை தன் ஓட்டைத் தானே செய்கிறதா, வேறொரு உயிரிடம் இருந்து பறித்துக்கொள்கிறதா என்று அப்போது அறிஞர்கள் அடித்துக்கொண்டிருந்தார்கள். 1832-ல் இவர் கண்ணாடித் தொட்டி செய்து, அதற்குள் அதை வைத்துப் பார்த்து, தானேதான் செய்கிறது என்று நிரூபித்தார். ஆனால் மெசினா துறைமுக நகரம். கடல் வாசலிலேயே இருக்கிறது. தண்ணீர் கெட்டால் புதுத் தண்ணீருக்குப் பஞ்சமில்லை.

பஞ்சம் லண்டனில்தான். இங்கேதான் எனக்குப் பிடித்த ஆள் வருகிறார்: ஆனா தின். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் பொறுப்பில் இருந்த ஒரு மதகுருவின் மனைவி. பாறைகளைப் பற்றிப் படிப்பதில் ஆர்வம். 1846-ல் டார்க்கீ என்ற கடற்கரை ஊருக்குப் போனவர், அங்கே பாறையில் உயிரோடு இருந்த கல்பவளங்களைப் பார்த்தார். விட்டுவர மனசில்லை. கடற்பஞ்சில் ஊசி நூலால் தைத்து, ஜாடியில் கடல்நீர் ஊற்றி, லண்டனுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

வந்த பிறகுதான் சிக்கல். கடல்நீர் தினமும் கிடைக்காது. இருக்கிற தண்ணீரையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தணும். ஆனால் தேங்கிய தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். அவர் கண்ட வழி இது: திறந்த ஜன்னல் முன்னால் நின்று, ஒரு பாத்திரத்தில் இருந்து இன்னொரு பாத்திரத்துக்குத் தண்ணீரை ஊற்றி, திரும்ப அதிலிருந்து இதற்கு ஊற்றி, காற்றுப் படவைப்பது. நம்ம டீக்கடை மாஸ்டர் ஆத்துற மாதிரி. ஒவ்வொரு முறையும் அரை மணியில் இருந்து முக்கால் மணி நேரம்.

ஊற்றியது அவர் இல்லை. வீட்டில் வேலை செய்த ஒரு சின்னப் பெண். இது களைப்பான வேலைதான் என்று ஆனா தின்னே பிறகு எழுதினார். ஆனால் அந்தப் பெண்ணுக்குத் தன்னைத் திருப்திப்படுத்தும் ஆசை இருந்தது, அவள் இதை விளையாட்டாகவே எடுத்துக்கொண்டாள் என்றும் சேர்த்து எழுதினார். அந்தக் குறிப்பு 1859-ல் அச்சில் வந்தது. அந்தப் பெண்ணின் பெயர் அதில் இல்லை.

இதைப் படிச்சதும் கொஞ்ச நேரம் லேப்டாப்பை மூடி வச்சுட்டேன். உலகத்தின் முதல் வீட்டுக் கடல்தொட்டிகளில் ஒன்றுக்கு மோட்டார், குழாய், சம்ப் எல்லாமே ஒரு பெண்ணின் ரெண்டு கை.

அடுத்த வருஷம் ஆனா தின் கடற்பாசியோடு சேர்ந்த கற்களை வரவழைத்துத் தொட்டியில் போட்டார். வெளிச்சத்தில் பாசி ஆக்சிஜன் விடும்; ஊற்றும் வேலை குறையும். அவருடைய பவளங்கள் கிட்டத்தட்ட மூன்று வருஷம் வாழ்ந்தன, குட்டியும் போட்டன. இதே சமநிலையை ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் நன்னீரில் தங்கமீன், நீர்ச்செடி, நத்தை வைத்துச் சோதித்து 1850-ல் வெளியிட்டார். பேர் அவருக்குப் போனது. 1853-ல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் மீன்வீடு திறந்தார்கள். 1854-ல் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய புத்தகம்தான் 'அக்வேரியம்' என்ற சொல்லை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது. 1845-லேயே பிரிட்டனில் கண்ணாடி மீதான வரி போயிருந்தது, ரயில் கடற்கரை வரை போனது. அப்புறம் என்ன, நடுத்தர வீட்டு ஹாலுக்கெல்லாம் தொட்டி வந்துவிட்டது.

அந்த மோகம் என்ன செய்தது என்பதை காஸின் மகன் எட்மண்ட் 1907-ல் எழுதினார். அப்பாவின் புத்தகத்தைப் படித்தவர்கள் கூட்டம் கூட்டமாகக் கடற்கரைக்கு வந்து பாறைக்குழிகளைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். அழகைக் காட்டணும்னு எழுதினவரே அந்த அழிவைப் பார்த்து வருந்தினார். மீன் வளர்ப்பவர்கள் யாரும் இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டக் கூடாது. நானும்தான்.

இப்போ என் தொட்டிக்கு நேரடி முன்னோர். வில்லியம் ஆல்ஃபோர்ட் லாய்ட். லண்டனில் கடல் உயிர்களும் தொட்டிகளும் விற்ற வியாபாரி. பாசியும் மீனும் மட்டும் சேர்ந்து தண்ணீரைக் காப்பாற்றாது, தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கணும் என்று அவர் கண்டுகொண்டார். அதற்கு அவர் செய்த ஏற்பாடு: காட்சித் தொட்டிகளுக்குக் கீழே, வெளிச்சம் படாத, குளிர்ச்சியான ஒரு பெரிய நீர்த்தேக்கம். பம்பு தண்ணீரை மேலே ஏற்றும். அது தொட்டிகளில் நிரம்பி வழிந்து மறுபடி இருட்டுக்குள் இறங்கும். ஹாம்பர்க்கில் 1864-லும், லண்டன் கிரிஸ்டல் பேலஸில் 1871-லும் திறந்த மீன்காட்சியகங்கள் இப்படித்தான் ஓடின. கிரிஸ்டல் பேலஸில் பார்வையாளர் கண்ணில் படும் தண்ணீரைவிடக் கீழே மறைந்திருந்த தண்ணீர் பல மடங்கு அதிகம். இருட்டில் பாசி வளராது, கழிவு நீர்த்துப்போகும், வெயில் காலத்திலும் சூடு ஏறாது. என் கேபினெட்டுக்குள் இருக்கும் சம்ப் லாய்டின் பாதாள அறைதான், அளவு மட்டும் சின்னது.

நம்ம ஊருக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் போட்ட திட்டத்தில் 1909-ல் மெரினாவில் கடல்மீன் காட்சியகம் திறந்தார்கள். பிறகு அது மீன்வளத் துறைக்குப் போனது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடினார்கள். எத்தனையோ தடவை மெரினாவில் சுண்டல் சாப்பிட்டிருக்கேன், அங்கே அப்படி ஒண்ணு இருந்ததுன்னு ஒரு பலகைகூட என் கண்ணில் பட்டதில்லை.

இருபதாம் நூற்றாண்டை வேகமா தாண்டிடுவோம், ஒரே ஒருத்தரிடம் மட்டும் நிற்கணும். ஜகார்த்தாவில் லீ சின் எங். 1961-ல் அமெரிக்க மீன் வளர்ப்பு இதழ் ஒன்றில் தன் முறையை எழுதினார். வடிகட்டி இல்லை. கடலில் இருந்து உயிர்ப்பாறை, நல்ல வெளிச்சம், மெல்லிய காற்றுக் குமிழி, அவ்வளவுதான். பாறையின் துளைகளில் இருக்கும் நுண்ணுயிர்கள் மீன் கழிவின் அம்மோனியாவைச் சிதைத்துக்கொள்ளும். கடல் பக்கத்திலேயே இருந்ததால் அவருக்குக் கைகூடிய முறை அது. மற்ற ஊர்க்காரர்களிடம் சுலபமாகப் பலிக்கவில்லை. ஜெர்மன்காரர்கள் அதோடு ஸ்கிம்மரையும் பலமான விளக்கையும் சேர்த்த பிறகுதான் உலகமெங்கும் வீடுகளில் பவளம் வளர்ந்தது.

எங்க வீட்டில் வளராது. 2001-ல் இருந்து கல்பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கு. மன்னார் வளைகுடாவில் இருந்து ஒரு துண்டு எடுத்தாலும் குற்றம். கடைக்காரர் யாராவது ரகசியமாகக் காட்டினால் வாங்காதீங்க. என் தொட்டியில் பாறைக்குப் பதிலா சிமெண்டில் வார்த்த கல்லும் செராமிக் வளையமும். மீன்கள் பண்ணையில் குஞ்சு பொரித்த கோமாளி மீன்கள், நாலே நாலு.

சரி, திரும்பக் கட்டின கதை. கண்ணாடிக் கடை அண்ணன்கிட்ட துளை போடணும்னேன். "டஃபண்ட் கிளாஸா தம்பி?"ன்னு முதல் கேள்வி கேட்டார். அது தெரியாமல் துளை போட்டால் முழுக் கண்ணாடியும் பொடிப்பொடியாகிடும். சாதாக் கண்ணாடின்னு உறுதி பண்ணிட்டு, தண்ணி விட்டுக்கிட்டே வைர பிட்டால் மூணு துளை போட்டார். மூணும் பின்பக்கம், மேலே.

ஏன் மூணு? இது 2000-களில் பீன் அனிமல் என்ற புனைபெயரில் ஒரு அமெரிக்க ஆர்வலர் பரப்பின வடிவமைப்பு. முதல் குழாய் முழு சைஃபன். ஒரு வால்வால் அதைக் கொஞ்சம் இறுக்கி வச்சா காத்துப் புகாமல் சத்தமே இல்லாமல் ஓடும். இரண்டாவதில் மிச்சம் மட்டும் மெல்லிசா வழியும். மூன்றாவது எப்பவும் காய்ஞ்சே இருக்கும், மத்த ரெண்டும் அடைபட்டால் மட்டும் வேலை செய்யும். சர்வர் வேலை பார்க்கிறவங்களுக்கு இது புரியும்: ஒண்ணு செத்தாலும் சர்வீஸ் நிக்கக் கூடாது. ஆபீஸில் இதை நூறு தடவை எழுதினவன் வீட்டில் ஒத்தைக் குழாயை நம்பினேன், அதை நினைச்சா இன்னும் கூச்சமா இருக்கு.

கணக்கும் போட்டேன். என் தொட்டியில் ஒரு அங்குல மட்டம்னா சுமார் 14 லிட்டர். மோட்டார் நின்னா கலங்கல் மட்டத்துக்கு மேலே இருக்கிற தண்ணீரும் குழாயில் இருக்கிறதும் சம்புக்கு இறங்கும். அதனால சம்பில் எப்பவும் 25 லிட்டர் காலி இடம். சம்ப் கண்ணாடியில் மார்க்கரால் கோடு போட்டாச்சு. வெறும் குழாய்த் தண்ணியை ஊற்றி, பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கி இருபது தடவை சோதிச்சேன். முதல் குழாயில் துணி அடைச்சேன், இரண்டாவது ஏத்துக்குச்சு. இரண்டாவதையும் அடைச்சேன். மூணாவது குழாய் கடகடன்னு சத்தம் போட்டு ஓடுச்சு, தரையில் ஒரு சொட்டு இல்லை. அம்மா மட்டும் கேபினெட் பக்கத்தில் வாளியும் துணியும் எடுத்து வச்சுட்டு சோபாவில் உட்கார்ந்து பார்த்துட்டிருந்தாங்க.

ஒரே ஒரு வேலை மட்டும் பாக்கி. தினமும் ரெண்டு மூணு லிட்டர் தண்ணீர் ஆவியாகும். உப்பு ஆவியாகாது, அதனால அந்த அளவுக்கு ஆர்.ஓ. தண்ணி ஊத்தி மட்டத்தைச் சரி பண்ணணும். ஆரம்பத்தில் இருந்தே நான் ஆபீஸில் இருக்கிற நேரத்தில் அம்மாதான் சொம்பில் மொண்டு ஊத்துவாங்க. பொழுதுபோக்கா செய்யுறாங்கன்னு நான் நினைச்சுட்டிருந்தேன்.

ஒரு நாள் சாப்பிடும்போது அவங்ககிட்ட ஆனா தின் கதையைச் சொன்னேன். ஜன்னல், ரெண்டு பாத்திரம், முக்கால் மணி நேரம், விளையாட்டா செஞ்ச அந்தப் பொண்ணு. அம்மா கேட்டுட்டு, "விளையாட்டுன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சா, அந்த வீட்டம்மா சொன்னாங்களா?"ன்னாங்க.

அந்த வாரமே ஃப்ளோட் வால்வு வாங்கி மாட்டிட்டேன்.