பெரிய சக்கரமும் கொஞ்சம் காற்றும்

வேலையிலிருந்து ஓய்வு பெற்று மனைவியின் ஊரான சங்கரன்கோவிலில் குடியேறிய பிறகு, எங்கள் வீட்டில் ஒரு சின்ன கார் இருக்கிறது. போன வருஷம் லீவில் வந்த மகன், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அதற்குப் பெரிய அலாய் வீல் நான்கும் புது டயர்களும் போட்டுக் கொண்டுவந்து நிறுத்தினான். "அப்பா, இப்பத்தான் வண்டி பார்க்க வண்டி மாதிரி இருக்கு" என்றான். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் மனைவியை முதுகுத் தண்டு வைத்தியத்துக்காகத் திருநெல்வேலிக்கு அழைத்துப் போனேன். ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். வழியில் உள்ள வேகத்தடை, ஒட்டுப்போட்ட ரோடு, பாலத்து இணைப்பு ஒவ்வொன்றும் நேராக இடுப்பில் வந்து இடித்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. மகன் ஆசையாகச் செய்தது அல்லவா! திரும்பி வந்து இறங்கும்போது மட்டும், "என்னங்க, அடுத்த தடவை பஸ்ஸிலேயே போயிருவோமா?" என்றாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

எனக்குப் புரியாத விஷயம் இதுதான்: பெரிய சக்கரம் என்றால் அலுங்காமல் போக வேண்டுமே? இந்தக் கரிசல் பூமியில் அந்தக் காலத்து மாட்டு வண்டிகளுக்கு ஆள் மார்பளவு சக்கரம் வைத்ததே அதற்காகத்தான். சின்னச் சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கி ஏறும். பெரிய சக்கரம் அதே பள்ளத்தின் இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு தாண்டிவிடும். ஈரக் கரிசலில் அவ்வளவாகப் புதையவும் செய்யாது. குடம், ஆரக்கால், வட்டை என்று ஆசாரி மரத்தில் இழைத்துச் சேர்த்த சக்கரத்துக்கு, கொல்லர் இரும்புப் பட்டையைப் பழுக்கக் காய்ச்சி மாட்டித் தண்ணீர் ஊற்றுவார். பட்டை சுருங்கி இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஆடித்தபசுக்கு அப்படிப்பட்ட வண்டிகளில் வந்த பெரியவர்கள் இன்னும் நம்மில் இருக்கிறார்கள். வண்டியில் வைக்கோலைப் பரப்பி அதன்மேல் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்ததை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சக்கரம் எத்தனை பெரிதாக இருந்தாலும் இரும்பு இரும்புதான். மெத்தென்று இருந்தது வைக்கோல்.

மேல்நாட்டிலும் இதே கதைதான். முதலில் வந்த மிதிவண்டிகளுக்கு மரச் சக்கரமும் இரும்புப் பட்டையும். ஆங்கிலேயர்கள் அதற்கு 'எலும்பு குலுக்கி' என்றே பெயர் வைத்தார்கள். பிறகு முன்சக்கரத்தை ஐந்தடி உயரம் வரை பெரிதாக்கினார்கள். வேகம் கிடைத்தது, குலுக்கலும் குறைந்தது. ஆனால் தலைகுப்புற விழுந்தவர்கள் பலர். 1885-இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவில் உள்ள, சங்கிலி வைத்த சைக்கிளைக் கொண்டுவந்தார். விழும் பயம் போயிற்று, குலுக்கல் திரும்ப வந்தது.

அதற்கு மருந்து கண்டவர் மாட்டு வைத்தியர் ஒருவர். பெல்ஃபாஸ்ட் நகரில் இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டி கல் பாவிய தெருவில் குலுங்குவதைப் பார்த்து, ரப்பர் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தில் கட்டினார். அது 1888. ராபர்ட் தாம்சன் என்பவர் 1845-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கியிருந்தும், உலகம் அதைக் கவனிக்காமல் விட்டிருந்தது. டன்லப்பின் காற்று வந்த பிறகு, குலுக்கலைக் குறைக்கப் பெரிய சக்கரம் வேண்டியதில்லை என்று ஆகிவிட்டது.

மீதிக் கதையைப் பாண்டிச்சேரியில் நான் பிரெஞ்சு மொழியில் படித்தபோது எங்கள் வாத்தியார் சொல்லக் கேட்டேன். கிளெர்மோன் ஃபெரான் ஊரில் மிஷ்லேன் சகோதரர்களின் ரப்பர் தொழிற்சாலைக்கு, 1889-இல் ஒருவர் பஞ்சரான சைக்கிளோடு வந்தார். டயர் விளிம்போடு ஒட்டப்பட்டிருந்ததால், பிரித்து ஒட்டி முடிக்க மணிக்கணக்காகி, பசை காய ஓர் இரவும் ஆயிற்று. மறுநாள் எதுவார் மிஷ்லேன் அதை ஓட்டிப் பார்த்தார். சற்று நேரத்தில் மறுபடி பஞ்சர்! ஆனால் அந்தச் சற்று நேரச் சுகம் அவரை விடவில்லை. 1891-இல் கழற்றி மாட்டும் டயர் வந்தது. அதே வருஷம் அந்த டயரோடு ஷார்ல் தெரோன் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் சைக்கிள் பந்தயத்தில் ஜெயித்தார். 1895-இல் காற்று டயர் போட்ட காரில், பாரிஸிலிருந்து போர்தோ போய்த் திரும்பும் பந்தயத்துக்குச் சகோதரர்களே இறங்கினார்கள். வழியெல்லாம் பஞ்சர்தான், ஆனாலும் காரும் காற்றின்மேல் ஓடும் என்று காட்டிவிட்டார்கள். டயர் தடைகளைக் குடித்துவிடும் என்பது அந்தக் கம்பெனியின் பழைய விளம்பர வாசகம். வாத்தியார் அதைச் சொல்லும்போது தண்ணீர் குடிப்பது போலவே நடித்துக் காட்டுவார்.

அந்த வாசகம் ஞாபகம் வந்ததும், விடிந்தவுடன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டயர் பக்கத்தில் உட்கார்ந்தேன். எண்களைப் படிப்பது குமாஸ்தாவுக்குப் பழக்கம்தானே. பழைய டயர் 165/80 ஆர் 14. அகலம் 165 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அதில் 80 சதவீதம், அதாவது 132. உள்ளே இருக்கும் இரும்பு வட்டு 14 அங்குலம். புதியது 195/55 ஆர் 16. பக்கச்சுவர் 107 தான். மொத்த உயரம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே, 62 சென்டிமீட்டர். சக்கரம் வளரவே இல்லை! வட்டு பெரிதாகி, காற்று இருந்த இடத்தை எடுத்துக்கொண்டது. குடிக்கிற வாய் ஓர் அங்குலம் சுருங்கிப்போனது.

நம்மூர் மெக்கானிக்கிடம் போனேன். முதலில் காற்றைப் பார்த்தார். வண்டியின் கதவோரச் சீட்டில் 30 என்று இருக்க, டயர் போட்ட இடத்தில் 40 அடைத்திருந்தார்கள். காலையில் டயர் சூடேறும் முன் அளந்து, சீட்டில் உள்ளபடி வைத்தார். பாதி இடி குறைந்தது. "இன்னும் குறைங்க" என்றேன். "வேண்டாம் சார், பள்ளத்துல விழுந்தா வீல் நெளிஞ்சிரும்" என்றார். ஷாக் அப்சர்பர், புஷ் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "வண்டியில ஒரு கொறையும் இல்ல சார். டயர்ல கறி இல்ல, எலும்புதான் இருக்கு" என்றார். பிரியாணிக்குப் பேர்போன ஊர்க்காரர் வேறு எப்படிச் சொல்வார்?

மகனுக்குப் போன் செய்தேன். அம்மாவின் முதுகைப் பற்றிச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "முதல்லயே சொல்லிருக்கலாம்லப்பா" என்றான். அவனே தேடிப் பார்த்து ஒரு வழி சொன்னான்: 185/65 ஆர் 15. இதே மாடலின் விலை கூடிய வண்டிகளுக்குக் கம்பெனியே போட்டுத் தரும் அளவு. பக்கச்சுவர் 120. பழைய வீல்களை விற்று, இதை வாங்கி மாட்டினோம். அவன் ஆசைப்பட்ட அலாயும் இருக்கிறது.

போன மாதம் மறுபடி திருநெல்வேலி போனோம். பாதி வழியில் பேச்சுக் குரல் நின்றுவிட்டதே என்று திரும்பிப் பார்த்தேன். பின்சீட்டில் தூங்கிக்கொண்டு வந்தாள்.