உண்மைச் சமாதானம் எனும் பெயர் தாங்கிய நாடு

வாளால் வென்றவர்கள் தாம் வென்ற நிலத்திற்குத் தம் அரசரின் பெயரையோ தம் சொந்த ஊரின் பெயரையோ இடுவது வழக்கம். ஆயினும், இன்றைய குவாத்தமாலாவின் வடமலைப் பகுதிக்கு 1547-ஆம் ஆண்டு இஸ்பானிய அரசு இட்ட பெயர் வேறு வகையானது. 'வெராபாஸ்' என்பது அது. 'உண்மைச் சமாதானம்' என்பது அதன் பொருள். அப்பெயர் வந்த வழியையும், பின்னர் அதற்கு நேர்ந்த கதியையும் சற்றே சிந்திப்போம்.

1524-இல் பேத்ரோ தெ அல்வராதோ குவாத்தமாலாவிற்குள் படையோடு புகுந்தார். மாயா இனத்தாரின் அரசுகள் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தன. தெசுலுத்லான் எனப்பட்ட மலைநாடு மட்டும் பணியவில்லை. அங்கு வாழ்ந்த கெக்சி முதலிய மக்களை அடக்க இயலாத இஸ்பானியர் அதனைப் 'போர் நாடு' என்றே அழைத்தனர்.

இச்சூழலில்தான் பர்த்தலோமே தெ லாஸ் காசாஸ் என்னும் சாமிநாதர் சபைத் துறவி அங்கு வந்தார். 1502-இல் அமெரிக்கத் தீவுகளுக்கு வந்த அவர், தொடக்கத்தில் 'என்கோமியெந்தா' முறையால் பயனடைந்தவர்களுள் ஒருவரே. குடிமக்களைக் கூட்டங்கூட்டமாக ஓர் இஸ்பானியரிடம் ஒப்படைத்து, அவர்தம் உழைப்பையும் திறையையும் பெறும் உரிமையை அவருக்கு அளிப்பதே அம்முறை. 'இவர்கள் மனிதர் அல்லரோ?' என்று 1511-ஆம் ஆண்டுத் திருவருகைக் காலத்தில் அந்தோனியோ தெ மொந்தேசினோஸ் அடிகள் எழுப்பிய கேள்வி அத்தீவுகளை உலுக்கியது. லாஸ் காசாஸ் தம்மிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தோரை 1514-இல் துறந்தார். 1522-இல் சாமிநாதர் சபையில் சேர்ந்தார்.

நற்செய்திக்கு மனிதரை அழைக்கும் வழி ஒன்றே. அறிவுக்கு விளக்கமும் உள்ளத்திற்குக் கனிவும் தருவதே அவ்வழி என அவர் நூல் எழுதினார். அப்படியானால் போர் நாட்டில் அதைச் செய்து காட்டுமாறு குடியேறிகள் எள்ளினர். அவர் அதை ஏற்றார். ஆனால் வெறுங்கையோடு புறப்படவில்லை. முதலில் ஓர் உடன்படிக்கையை எழுத்தில் பெற்றார். அமைதியாக இணங்கிவரும் மக்கள் எந்த இஸ்பானியரிடமும் ஒப்படைக்கப்படலாகாது. ஐந்தாண்டுக் காலம் துறவியரையன்றி வேறு இஸ்பானியர் அங்கு நுழையலாகாது. 1537 மே 2 அன்று ஆளுநர் அல்போன்சோ மால்தொனாதோ இதற்கு ஒப்புதல் அளித்தார். சரியாக ஒரு மாதம் கழித்து, அமெரிக்கக் குடிகள் உண்மையான மனிதரே, விசுவாசத்திற்குப் புறம்பே இருப்பினும் அவர்தம் விடுதலையையும் உடைமையையும் பறிக்கலாகாது என்று திருத்தந்தை மூன்றாம் சின்னப்பர் அறிவித்தார்.

துறவியர் மீட்பு வரலாற்றைக் கிச்சே மொழியில் பாடல்களாக்கி, மலைநாட்டிற்குச் செல்லும் உள்ளூர் வணிகர்க்குக் கற்பித்தனர் என்றும், பாடலைக் கேட்ட தலைவர் துறவியரை வரவழைத்தார் என்றும் 1619-இல் வெளிவந்த ரெமெசாலின் வரலாற்று நூல் கூறும். இதில் புனைவு கலந்திருப்பதாகப் பிற்கால ஆய்வாளர் கருதுவர். எனினும் லூயிஸ் கான்செர், பேத்ரோ தெ அங்குலோ முதலியோர் படைத்துணையின்றிச் சென்றதும், மக்களின் மொழியைக் கற்றதும், தலைவர்களின் இசைவைப் பெற்றதும் உண்மை. போர் நாடு பெயர் மாறியது இவ்வாறுதான்.

ஆயினும் நிழலை மறைத்து ஒளியை மட்டும் காட்டுவது வரலாறு ஆகாது. சிதறி வாழ்ந்த மக்களைத் துறவியர் புதிய ஊர்களில் கூட்டிச் சேர்த்தனர்; அவர்தம் பழைய வாழ்வு குலைந்தது. 1555-இல் தொமிங்கோ தெ வீக்கோ அடிகள் அண்டை இனத்தாரால் கொல்லப்பட்டார். 1559-இல் லக்கந்தோன் மக்கள்மீது படை ஏவப்பட்டது. சமாதானத்தின் எல்லையில் மீண்டும் வாள் உருவப்பட்டது. அமெரிக்கக் குடிகளின் சுமையைக் குறைக்க ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவரலாம் என்று லாஸ் காசாஸே 1516-இல் பரிந்துரைத்திருந்தார். அவர்களை அடிமைப்படுத்தியதும் அதே அநீதியே எனப் பின்னர் உணர்ந்து, தம் நூலில் அதற்காக மனம் வருந்தினார். ஒருவரின் கண்ணீரைத் துடைக்க மற்றவரை அழவைத்த பிழை, அவரைப் போன்ற ஒருவருக்கே நேர்ந்ததென்றால் நாம் எத்துணை விழிப்பாயிருக்க வேண்டும்!

அரண் அகன்றபின் நிலமும் அகன்றது. 1871-க்குப் பின் வந்த அரசுகள் காப்பிப் பயிரை ஊக்குவித்தன. வெராபாஸின் பொதுநிலங்கள் பெருந்தோட்டங்களாயின. அங்கு ஜெர்மானியத் தோட்டக்காரர் பெருகினர். கெக்சி மக்கள் தம் மண்ணிலேயே கூலிகளாயினர். 1978-இல் பான்சோஸ் ஊரில் நில உரிமை கேட்டுத் திரண்டவர்களைப் படையினர் சுட்டுக் கொன்றனர். 1982 மார்ச் 13 அன்று ரியோ நேக்ரோவில் பெண்களும் சிறுவருமாக 177 பேர் கொல்லப்பட்டனர். இவ்விரு ஊர்களும் 'உண்மைச் சமாதானம்' எனும் பெயர் தாங்கிய மண்ணிலேயே உள்ளன.

அதே வெராபாஸின் ஆயராக 1967 முதல் 1974 வரை பணியாற்றி, மாயா மொழிகளுக்கு வழிபாட்டில் இடமளித்தவர் குவான் கெரார்தி. உள்நாட்டுப் போரின் கொடுமைகளைச் சாட்சிகளின் வாய்மொழியாகத் தொகுத்த அறிக்கையை அவர் 1998 ஏப்ரல் 24 அன்று வெளியிட்டார். இரண்டே நாளில் கொலையுண்டார்.

1537-இல் ஒரு துறவி கோரிய உடன்படிக்கையும், 1998-இல் ஓர் ஆயர் வெளியிட்ட அறிக்கையும் நமக்கு ஒன்றையே உணர்த்துகின்றன. வலியவரின் கையைத் தடுக்கும் நீதியும், எளியவரின் நிலத்தைக் காக்கும் உறுதியும் இல்லாத இடத்தில், சமாதானம் வெறும் ஊர்ப்பெயராகவே எஞ்சுகிறது. திருப்பலிதோறும் 'சமாதானம் உங்களோடு' என்று ஒருவரையொருவர் வாழ்த்தும் நாம், அச்சொல்லுக்கு எந்த அரணை எழுப்பியிருக்கிறோம்?