பொய் வீடுகளும் மெய் வீடுகளும்

லாஸ் ஏஞ்சலிஸை ஒட்டிப் பசிபிக் கரையில் அமைந்த சிறு நகரம் சாண்டா மோனிகா. கடலிலிருந்து ஏறத்தாழ இரண்டு மைல் தொலைவில், வீடுகள் நெருக்கிச் சூழ, அங்கே ஒரு விமான நிலையம் உள்ளது. பெரும் நிறுவனங்களின் பயணிகள் விமானங்கள் அங்கு வருவதில்லை. செல்வந்தர்களின் சொந்த விமானங்கள், வணிக நிறுவனங்களின் சிறு ஜெட்கள், பயிற்சி விமானங்கள் ஆகியவையே அதன் வாடிக்கை. 2028 டிசம்பர் 31-க்குப் பின் அந்நிலையத்தை மூடிவிட நகராட்சிக்கு உரிமை உண்டு. இந்த முடிவை வெறும் இரைச்சல் வழக்காகக் கருதிக் கடந்துவிட நமக்கு மனம் வரவில்லை.

முதல் உலகப்போரில் உயிர்நீத்த விமானி கிரேயர் குளோவரின் நினைவாக 1923-இல் இத்திடல் 'குளோவர் ஃபீல்ட்' எனப் பெயர் பெற்றது. மறு ஆண்டு மார்ச் 17 அன்று டக்ளஸ் நிறுவனம் கட்டிய நான்கு விமானங்கள் உலகைச் சுற்றிவர இங்கிருந்து கிளம்பின. புறப்பட்ட நான்கில் இரண்டே முழுச் சுற்றையும் முடித்துத் திரும்பின. வானில் உலகைச் சுற்றிய முதல் பயணம் அது. 1929-இல் பெண் விமானிகளின் நெடும்பந்தயம் கிளீவ்லாந்தை நோக்கித் தொடங்கியதும் இங்கேதான். 1935 டிசம்பர் 17 அன்று டிசி-3 முதன்முறையாக வானேறியதும் இதே திடலில். ரைட் சகோதரர்கள் பறந்து அன்றோடு சரியாக 32 ஆண்டுகள். பயணிகளை ஏற்றியே பிழைக்க முடியும் என்று விமானத் தொழிலுக்குக் காட்டிய விமானம் அது.

தொழிற்சாலை வளர வளர ஆட்கள் வந்தனர். ஆட்கள் குடியிருக்க வீடுகள் வந்தன. திடலை ஒட்டிய சன்செட் பார்க் பகுதியில் பெருமளவில் குடியேறியோர் டக்ளஸ் தொழிலாளர்களே.

இரண்டாம் உலகப்போரில் ஒரு விந்தை நிகழ்ந்தது. ஜப்பானிய விமானங்களின் கண்ணுக்குத் தப்ப, தொழிற்சாலையின் மேல் கம்பி வலை விரித்து, அதன்மீது சாக்குத்துணியால் வீடுகளும் கோழியிறகால் மரங்களும் அமைத்தனர். ஹாலிவுட்டின் அரங்க நிர்மாணக் கலைஞர்கள் அதற்கு உதவினர். தம் விமானிகளே திடலைக் கண்டுகொள்ளத் திணறினர் என்று சொல்லப்படுவதுண்டு. குடியிருப்பைப் போல வேடமிட்டு உயிர் தப்பிய இடத்தைப் பின்னாளில் மெய்யான குடியிருப்பே நெருக்கியது.

ஜெட் யுகத்தில் டிசி-8 விமானத்துக்காக ஓடுபாதையை நீட்டித்தரும்படி டக்ளஸ் கேட்டது. நகரம் மறுத்தது. அவ்விமானம் 1958-இல் லாங் பீச்சிலிருந்து பறந்தது. 1970களின் நடுவில் டக்ளஸ் சாண்டா மோனிகாவை விட்டே போய்விட்டது. வீடுகள் எஞ்சின, இரைச்சலும் எஞ்சியது. அவ்விரைச்சலுக்காக நகராட்சி மீது வழக்குத் தொடரலாம் என்று 1972-இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் கூறியது. நகரமோ தன் நிலத்தைத் தானே மூட இயலாதிருந்தது. போர்க்காலத்தில் குத்தகைக்குப் பெற்ற திடலை, விமான நிலையமாகவே தொடர வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் 1948-இல் மத்திய அரசு திருப்பித் தந்திருந்தது. வேகமிகு ஜெட்களுக்கு 2008-இல் நகரம் விதித்த தடையும் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. 2017-இல்தான் உடன்பாடு எட்டியது. அவ்வாண்டின் இறுதியிலேயே 4,973 அடி ஓடுபாதை 3,500 அடியாகக் குறுகியது.

தொழிற்சாலை இருந்தவரை அவ்வோசை ஊரின் சோறு. அது போனபின் யாரோ சிலரின் வசதிக்காக ஊரார் தாங்கும் சுமை. ஆகவே மூடக் கேட்போரைக் குறைகூற நம்மால் இயலாது. விமானங்கள் போனபின் அந்நிலத்தில் பூங்காவும் விளையாட்டுத் திடலும் தவிர வேறெது கட்டுவதானாலும் மக்களின் வாக்கு வேண்டும் என்று 2014-இலேயே அந்நகரத்தார் தீர்மானித்துள்ளனர். நாம் விழைவது ஒன்றே. புல் வளரட்டும், பிள்ளைகள் ஓடட்டும். ஓடுபாதை கிடந்த நேர்க்கோட்டை மட்டும் ஒரு நடைபாதையாகவேனும் விட்டுவைக்கட்டும். உலகைச் சுற்றக் கிளம்பியவர்கள் எந்தத் திடலிலிருந்து எழும்பினார்கள் என்று அங்கு நடப்பவர் கேட்கக்கூடும்.