நுண்கட்டுப்படுத்திகளில் இரைச்சல் வடிகட்டல்

உணரி தரும் அளவீட்டில் தேவையில்லாமல் கலந்துவரும் ஏற்ற இறக்கமே இரைச்சல். அதைக் கணக்கால் தணிப்பது வடிகட்டல். அர்டுயினோ உனோ பலகையின் ஏடிமெகா328பி சில்லில் நிரல் ஓடும்போது பயன்படும் நினைவகம் 2 கிலோபைட்தான். தசமக் கணக்குக்குத் தனிச் சுற்றும் கிடையாது. ஆகவே முழு எண்ணிலேயே முடிந்துவிடும் வடிகட்டிகளுக்கு இங்கே மதிப்பு அதிகம்.

பலரும் முதலில் எழுதுவது நகரும் சராசரி. கடைசி 16 அளவீடுகளின் சராசரியை எடுத்தால், ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரைச்சல் நான்கில் ஒரு பங்காகக் குறையும். ஆனால் 32 பைட் செலவாகும். விடையும் ஏழரை அளவீடு பின்தங்கி வரும்.

இதைவிடச் சிக்கனமானது அடுக்குக்குறிச் சராசரி. பழைய மதிப்புக்கும் புதிய அளவீட்டுக்கும் உள்ள வேறுபாட்டில் எட்டில் ஒரு பங்கைப் பழைய மதிப்போடு சேர்த்தால் போதும். வரிசையாக எதையும் சேமிக்க வேண்டாம். அளவு திடீரென மாறினால், எட்டு அளவீடுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தூரத்தை எட்டிவிடும். இதில் ஒரு பொறி உண்டு. பழைய மதிப்பு 60, புதிய அளவீடு 67 என்று கொள்வோம். 7-ஐ 8-ஆல் வகுத்தால் முழு எண்ணில் சுழி. மதிப்பு 60-லேயே நின்றுவிடும். மின்னழுத்தத்தை எண்ணாக்கும், 5 வோல்ட்டை ஆதாரமாகக் கொண்ட 10-பிட் மாற்றியில் எல்எம்35 வெப்ப உணரியை இணைத்திருந்தால், இது மூன்று டிகிரிக்கு மேற்பட்ட பிழை. நிரலில் தவறே தெரியாது என்பதால் இதைக் கண்டுபிடிப்பது கடினம். மதிப்பை எட்டால் பெருக்கிய வடிவிலேயே வைத்திருந்து, அதில் எட்டில் ஒரு பங்கைக் கழித்துப் புதிய அளவீட்டைக் கூட்டி, காட்டும்போது மட்டும் மூன்று பிட் வலப்பக்கம் நகர்த்தினால் சிக்கல் தீரும். 10-பிட் அளவீட்டை 64 மடங்கு வரை 16 பிட்டில் வைக்கலாம்: 1023 × 64 = 65,472.

திடீர்த் தாவல்களுக்குச் சராசரி உதவாது. எச்சி-எஸ்ஆர்04 மீயொலி உணரி 40, 41, 380, 40, 42 சென்டிமீட்டர் என்று தந்தால் சராசரி 108.6, இடைநிலை அளவோ 41. தூர உணரிகளுக்கு முதலில் இடைநிலை வடிகட்டியைப் போடுவதே சரி.

வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வு கலந்திருந்தால், 20 மில்லிவினாடி முழுவதும் சீரான இடைவெளியில் எடுத்த அளவீடுகளின் சராசரி அதை நீக்கிவிடும். ஆனால் அளவெடுக்கும் வேகத்தில் பாதியைத் தாண்டிய அதிர்வுகள் மெதுவான மாற்றம்போல வேடமிட்டு உள்ளே வரும். அவற்றை நிரலால் பிரித்தெடுக்க முடியாது. மாற்றியின் முனைக்கு முன்னால் ஒரு மின்தடையும் மின்தேக்கியும் வைத்தே தடுக்க வேண்டும்.